70,000 ரூபாயில் ஒரு தோட்டத்துச் சாளை

எங்கள் காடு குண்டடத்துக்குத் தெற்கே இருக்கிறது. தாராபுரம் ரோட்டிலிருந்து பிரிந்து, இரண்டு பக்கமும் கிளுவை வேலி நிற்கிற இட்டேரிப் பாதையில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். மொத்தம் ஒண்ணேகால் ஏக்கர். மாமனார் இருந்தவரை சோளமும் கொள்ளும் மாறி மாறி விளைந்த மேட்டாங்காடு. அவர் போன பிறகு 11 வருஷம் ஏர் படவில்லை. நடுவில் ஒரு சாளை, அதாவது காட்டு வீடு, மண்சுவரும் நாட்டு ஓடுமாக. ஓடு பாதி சரிந்து, உள்ளே எருக்கஞ்செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. 2021 தை மாசம் அந்த எருக்கை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் அடுப்பு வைத்தேன்.

அதற்கு முன்னால் 14 வருஷம் திருப்பூரில் இருந்தோம். பனியன் கம்பெனியில் வீட்டுக்காரர் கட்டிங், நான் செக்கிங். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கம்பெனி மூடியதும், லைன் வீட்டுக்கு வாடகை கொடுக்க வழியில்லாமல் ஊருக்கு வந்து அத்தையோடு, அதாவது மாமியாரோடு, மூன்று மாசம் இருந்தோம். தினமும் பொழுது சாய அத்தை இந்தக் காட்டுப் பக்கம் வந்து வெறுமனே நின்றுவிட்டுப் போவார். நானும் கூடவே போவேன். அப்படிப் போகப் போகத்தான், இங்கேயே ஒரு தோட்டத்துச் சாளை போட்டுப் பிழைக்க முடியுமா என்ற எண்ணம் வந்தது.

கையில் இருந்தது 70,000 ரூபாய். ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டை 78,000-க்குத் தள்ளி எடுத்து, பையனின் பள்ளிக்கூடச் செலவுக்கு 8,000 ஒதுக்கியது போக மீதி. கடன் வாங்கிப் பண்ணுவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அந்தப் பணம் 10 மாசத்தில் தீர்ந்தது. கணக்கு நோட்டைத் திருப்பிப் பார்த்தால் அதில் 15,000 ரூபாய் வீணாகப் போயிருக்கிறது. வாங்கிய ஆடு நல்ல ஆடுதான், கோழியும் நல்ல கோழிதான். முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னாலும், பின்னால் செய்ய வேண்டியதை முன்னாலும் செய்துவிட்டோம். கூட வேலை பார்த்தவர்கள் இப்போது, ‘நாங்களும் ஊருக்கே போயிடலாம்னு இருக்கோம், எதுல ஆரம்பிக்கறது?’ என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் இந்த முன்பின் பற்றித்தான்.

காகித வேலையை மட்டும் சரியான நேரத்தில் செய்தோம். அதுவும் அத்தை சொல்லித்தான். பட்டா மாமனார் பேரிலேயே கிடந்தது. இவருடைய அண்ணனான மச்சாண்டாரும் இவரும் பிரித்துக்கொண்டது வாய்ப்பேச்சில். பாகப்பத்திரம் எழுத உட்கார்ந்தபோது இரண்டு விஷயத்தை எழுத்தில் சேர்க்கச் சொன்னார் அத்தை. ஒன்று தடம்: இட்டேரியிலிருந்து சாளை வரை வண்டி வந்து போக 12 அடி. இன்னொன்று கிணற்றுப் பங்கு. கிணறும் மோட்டாரும் கரண்ட் சர்வீஸும் மச்சாண்டார் பக்கம் நின்றுவிட்டன. அதில் நாலில் ஒரு பங்கு எங்களுக்கு, வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்பது உட்பட எழுதச் சொன்னார். எனக்குச் சங்கடமாக இருந்தது. மச்சாண்டார் ஒரு நாளும் தண்ணீர் இல்லை என்று சொல்லக்கூடியவர் இல்லை. அத்தையிடம் சொன்னேன். “அண்ணந்தம்பி ஒத்துமையா இருக்கறப்பவே எழுதிக்கோணும் கண்ணு. நாளைக்குப் பசங்க தலையெடுத்தா வேற பேச்சு வரும்” என்றார்.

எங்கள் பங்குக்குப் பத்திரச் செலவு 6,000 ரூபாய். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வர 7 மாசம் ஆனது. அந்தப் பட்டா கையில் இருந்ததால், பின்னால் சிறு குறு விவசாயி சான்று வாங்கவும் சொட்டுநீருக்கு எழுதிக் கொடுக்கவும் அலைச்சல் குறைந்தது. தமிழ்நாட்டில் சிறு குறு விவசாயிக்குச் சொட்டுநீர் மானியம் 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. சான்று ஒன்று இல்லாததால் அந்த 25-ஐக் கைக்காசு போட்டுக் கட்டியவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. பூர்வீக நிலத்துக்குத் திரும்புகிறவர்கள் மம்முட்டி வாங்குவதற்கு முன்னால் பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று நான்கையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தண்ணீர். ஊரில் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன யோசனை போர் போடுவது. எங்கள் பக்கம் 900, 1,000 அடி போக வேண்டும். அப்போது அடிக்கு 90 ரூபாய். குழாய், மோட்டார் தனி. தண்ணீர் கண்டாலும் இலவச மின்சார சர்வீஸுக்கு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரர் எங்கள் கண் முன்னாலேயே 950 அடி ஓட்டினார். விடிய விடிய வண்டி ஓடி, விடிகாலையில் வெறும் புழுதி பறந்தது. அவர் வீட்டில் அன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு போர் பேச்சையே விட்டுவிட்டோம். கிணற்றுப் பங்கில் வருகிற வாரம் 5 மணி நேரத் தண்ணீரைக் கொண்டுவர 600 அடிக்கு 2 இஞ்ச் பைப் இழுத்தோம். பள்ளம் நாங்களே வெட்டினோம். 9,800 ரூபாய் ஆனது. கோடையில் அந்த 5 மணி நேரம் 40 நிமிஷமாகச் சுருங்கிவிடும், அதற்கு மேல் கிணறு ஊறாது. ஆகவே மேலே விழுகிற மழையை நம்பித்தான் மற்ற எல்லாம்.

இங்கே வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து பெருமழையாகக் கொட்டிவிடும். அன்றைக்கு நிறுத்தாவிட்டால் இட்டேரி வழியே ஓடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். 2021 ஆடியில் ஜேசிபி வைத்து, சரிவுக்குக் குறுக்கே மூன்று வரப்பு போட்டோம். 5 மணி நேரம், 5,500 ரூபாய். புரட்டாசியில் ஒரு டிப்பர் குப்பை எரு 6,000 ரூபாய்க்கு வாங்கி இறைத்தோம். எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்தோம்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி 10 மணிக்குப் பிடித்த மழை விடவே இல்லை. ஒரு மணிக்கு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நானும் அவரும் போனோம். கீழ்வரப்பில் தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு நின்றது. 11 வருஷம் காய்ந்து கிடந்த காட்டில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே வரப்பின் நடுவில், ஒரு விரல்கடை அகலத்தில், தண்ணீர் வழிய ஆரம்பித்தது. அவர் மம்முட்டியில் மண்ணை அள்ளிப் போட்டார். போட்ட மண்ணையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. நான் சாக்கில் மண் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தேன். சாக்கு நகர்ந்தது. கால் மணி நேரத்தில் வரப்பு 8 அடி அகலத்துக்கு அறுத்துக்கொண்டு, நின்ற தண்ணீர் அத்தனையும், இறைத்த குப்பையும் மேல்மண்ணும் சேர்ந்து போய்விட்டன. விடிந்து பார்த்தபோது அடியில் சுக்கான் கல் வெள்ளையாகத் தெரிந்தது.

அன்று காலையில் ஆட்டுப் பட்டிக்கார அப்பாரு வந்தார். எழுபது வயசுக்கு மேல். மாமனாரோடு சேர்ந்து மேய்த்தவர். அறுத்த இடத்தில் இறங்கி, காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்துவிட்டு, “கலிங்கு எங்க அம்முணி?” என்று கேட்டார். எங்களுக்கு அந்த யோசனையே இல்லை. நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் தானாக வெளியேற வழி வேண்டும். அது வரப்பின் நடுவில், பள்ளமான இடத்தில் இருக்கக் கூடாது. ஓரத்தில், கெட்டி மண்ணில் இருக்க வேண்டும். வரப்பு உச்சியைவிட ஒரு முழம் தாழ்வாக, 3 அடி அகலத்துக்கு வெட்டி, தண்ணீர் விழுகிற இடம் வரைக்கும் கல் பதிக்க வேண்டும். கல்லை நெருக்கமாகச் செங்குத்தாக நட வேண்டும், படுக்க வைத்தால் புரட்டிக்கொண்டு போகும். இதெல்லாம் அவர் குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். கல் எங்கள் காட்டிலேயே வேண்டிய மட்டும் கிடந்தது. அறுத்த வரப்பைச் சேர்க்க மறுபடி 2 மணி நேர ஜேசிபி, 2,200 ரூபாய். அதன் பிறகு வரப்பின் மேல் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவிவிட்டோம். இன்று வரை அறுக்கவில்லை. குப்பை அடிப்பதற்கு முன்னால் வரப்பு, வரப்புக்கு முன்னால் கலிங்கு என்பதை 8,200 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

குடிக்கவும் ஆடு கோழிக்கும் கூரைத் தண்ணீர். சாளையை ஒட்டிக் கட்டுத்தரைக்கு ஒரு கொட்டாய் போட்டோம், 20 அடிக்கு 15 அடி. திருப்பூரில் ஒரு செட்டைப் பிரித்தபோது கிடைத்த பழைய தகரம், தண்ணீர் பிடிக்கிற தகர வாய்க்காலோடு 7,000 ரூபாய். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 300 சதுர அடி கிட்டத்தட்ட 28 சதுர மீட்டர். 600 மில்லிமீட்டருக்கு 16,000 லிட்டருக்கு மேல் வருகிறது. இந்தக் கணக்கைப் பையன் நோட்டில் போட்டுக் காட்டியபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு வாளி வைத்து அளந்து பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. தேக்கி வைக்கப் புதிய டேங்க் வாங்காமல், கிணற்று உறை வாங்கினோம். 4 அடி விட்டம், ஒரு அடி உயரம், ஒன்று 450 ரூபாய். ஒரு உறைக்கு 350 லிட்டர் பிடிக்கும். 6 உறையை அடுக்கி, அடியில் காங்கிரீட் போட்டு, உள்பக்கம் பூசியது எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய். 2,100 லிட்டர். முதல் மழையின் தண்ணீரை உள்ளே விடாதீர்கள், தகரத்தில் இருக்கிற தூசியும் எச்சமும் அதில் வரும். மேலே கொசுவலையைக் கட்டாயம் கட்டுங்கள்.

இனி ஆட்டுக்கு வருகிறேன். நான் அதிகம் வருத்தப்பட்ட இடம் அது. 2021 பங்குனியில், இரண்டு பக்கம் வேலியே இல்லாத நேரத்தில், கன்னிவாடிச் சந்தையில் 13,000 ரூபாய்க்கு இரண்டு வெள்ளாடு வாங்கி வந்தோம். ஆடு வந்துவிட்டால் வருமானம் தொடங்கிவிடும் என்ற அவசரம். நாலாம் நாள் இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு கீழ்க்காட்டுச் சின்ன வெங்காயத்தில் இறங்கிவிட்டன. அந்தக் காட்டு அக்கா சண்டைக்கு வரவில்லை. மிதிபட்ட பாத்தியைக் காட்டிவிட்டுப் பேசாமல் நின்றார், அது எனக்குத் தாங்க முடியவில்லை. 1,500 ரூபாய் கொடுத்தோம். அதன் பிறகு நாள் முழுக்கக் கட்டிப் போட்டு, வேப்பங்குழையும் வேலங்காயும் ஒடித்துப் போடுவதே என் வேலையாகிவிட்டது. வெள்ளாடு கட்டிப்போட்டால் இளைக்கும். ஆனியில் 10,500-க்கு விற்றோம். ஆட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வேலி போட முள்கம்பிக்கும் கல்லுக்காலுக்கும் விலை கேட்டோம். எங்கள் மொத்தப் பணமும் அதற்கே போயிருக்கும். இட்டேரிப் பக்கமும் மேல்பக்கமும் பழைய கிளுவை வேலி இருந்தது. மீதி இரண்டு பக்கம், 460 அடி. அதற்கு நாங்களும் கிளுவையே வைத்தோம். காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொறங்காட்டுக்கெல்லாம், அதாவது உழாமல் மேய்ச்சலுக்கு விட்ட காட்டுக்கெல்லாம், வேலி முள்கிளுவைதான். காசு செலவு கிடையாது, உழைப்புத்தான். இலை உதிர்ந்து நிற்கும்போது, கைப்பெருவிரலை விடத் தடித்த போத்தாகப் பார்த்து இடுப்பு உயரத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். பழைய வேலியைக் கழிக்கிற வீட்டில் கேட்டால் சும்மாவே தருவார்கள், அவர்களுக்கும் வேலை மிச்சம். வெட்டியதை அப்படியே நடாமல், நிழலில் நாலைந்து நாள் போட்டு வைத்தால் வெட்டு வாயில் பால் காய்ந்துவிடும். அப்புறம் கடப்பாரையால் ஒரு முழம் குழி குத்தி, ஒரு சாண் இடைவெளியில் நட்டு, காலால் நன்றாக மிதிக்க வேண்டும். மிதிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காற்று போனால் போத்து காய்ந்துவிடும். 2021 ஆவணியில் நானும் அத்தையும் 9 நாளில் 600 போத்து நட்டோம். மூன்றில் இரண்டு பங்கு துளிர்த்தது. செத்த இடத்தில் அடுத்த வருஷம் மறுபடி நட்டோம். இரண்டாம் வருஷம் பக்கத்துக் கிளைகளை ஒன்றுக்குள் ஒன்று வளைத்துவிட வேண்டும். ஆடு நுழையாத வேலியாக மூன்று வருஷம் ஆகும். கடவுக்கு மட்டும் கல்லுக்கால் நட்டுப் படல் போட 3,000 ரூபாய் ஆனது. கையில் காசு இல்லாதவர்கள் முதல் வருஷமே, மற்ற எதற்கும் முன்னால், வேலியை நட்டுவிடுங்கள். மூன்று வருஷம் என்பது இன்றைக்கே எண்ணத் தொடங்க வேண்டிய கணக்கு.

கோழி ஒன்றுதான் வேலி இல்லாமலும் வளர்ந்தது. 2,400 ரூபாய்க்கு 6 பெட்டையும் ஒரு சேவலும் வாங்கினோம். சிறுவிடை என்ற நாட்டுக்கோழிதான் அடைக்கு நன்றாக உட்காரும். ஒரு வருஷத்தில் குஞ்சும் பெரிசுமாக 31 ஆனது. 2022 பங்குனியில் வெள்ளைக் கழிச்சல் வந்து, 6 நாளில் 23 போய்விட்டன. காலையில் கூட்டைத் திறக்கவே கை வராது. பையன் பேர் வைத்து வளர்த்த பெட்டை, கழுத்தைத் திருகிக்கொண்டு அவன் மடியிலேயே செத்தது. கால்நடை ஆஸ்பத்திரியில் வருஷா வருஷம் பிப்ரவரியில் கழிச்சல் நோய்க்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள் என்பது, அத்தனையும் புதைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அதிலிருந்து தவறவிட்டதில்லை. குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, 8-ஆம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி. இதில் ஒரு சிக்கல் உண்டு. சொட்டு மருந்து குப்பியில் 100 கோழிக்கு வரும். ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, கலக்கிய 2 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பத்துக் குஞ்சுக்காக ஒரு குப்பியை உடைத்தால் மீதி வீண். அதனால் இட்டேரியை ஒட்டி இருக்கிற ஐந்து சாளைப் பெண்களும் பேசி வைத்து, ஒரே வாரத்தில் அடை வைக்கிறோம். 21 நாளில் எல்லார் வீட்டிலும் பொரிக்கும். ஒரே குப்பியில் எல்லாருக்கும் ஆகிவிடும். மருந்து வாங்கப் போகிறவருக்குப் பஸ் காசைப் பகிர்ந்துகொள்வோம். சித்திரை, வைகாசியில் அடை வைப்பதில்லை, வெயிலுக்கு முட்டை கூழாகிவிடும்.

குஞ்சுத் தீனிக்குக் கரையான் எடுப்பதை அத்தை கற்றுக்கொடுத்தார். உடைந்த மண்பானை ஒன்று. அதில் கிழிந்த சாக்குத் துண்டு, காய்ந்த சாணம், கொஞ்சம் சோளத்தட்டைத் துணுக்கு, எல்லாவற்றையும் திணித்துத் தண்ணீர் தெளித்து, பொழுது போகும்போது கரையான் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள் எடுத்தால் பானை முழுக்கக் கரையான். முறத்தில் தட்டினால் தாய்க்கோழி கூப்பிடுகிற சத்தத்துக்குக் குஞ்சுகள் உருண்டு ஓடி வரும். முதல் மூன்று வாரம் இதுவும் கொஞ்சம் கம்பு நொய்யும் போதும். மூட்டைத் தீனி வாங்கியதே இல்லை.

பப்பாளி பற்றி இரண்டு வரி. 14 கன்று நட்டேன், ஆளுயரம் வந்தது. ஆடிக் காற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று, காற்றாலைக்காரர்கள் தேடி வந்த காற்று, எங்கள் காட்டில் தடுப்பே இல்லாமல் அடிக்கிறது. இப்போது மேற்கே இரண்டு வரிசை அகத்தியும் ஒரு வரிசை வேம்பும் நிற்கின்றன. மரம் வைக்கிறவர்கள் காற்று வருகிற பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

மண்ணுக்கு எருவை மறுபடி காசு கொடுத்து வாங்கவில்லை. பட்டிக்கார அப்பாரு பங்குனி, சித்திரையில் 80 செம்மறியோடு வருவார். படலை வைத்து அடைத்து, இரண்டு ராத்திரிக்கு ஒரு தரம் பட்டியை நகர்த்துவார். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கிவிடும். அவருக்கு ராத்திரிச் சாப்பாடும், பட்டி இருக்கிற மட்டும் எங்கள் சோளத்தட்டும். ஒரு வருஷம் பட்டி அடைத்த இடத்தில் அடுத்த இரண்டு வருஷம் பயிர் கருப்பாக எழும்பி நிற்பதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம்.

மொத்தக் காட்டையும் உழ வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான். அரை ஏக்கரைக் கொறங்காடாக விட்டுவிட்டோம். கொழுக்கட்டைப் புல் விதையை மழைக்கு முன்னால் தூவினோம், தானாக வந்த நாலு வெள்வேலங்கன்றை வெட்டாமல் விட்டோம். புல்லுக்கு நிழலும் ஆட்டுக்குக் காயும் அதிலேயே வரும். மீதியில் சோளம், தட்டைப்பயிறு, நரிப்பயிறு, கொள்ளு, கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற 20 சென்ட்டில் கீரை, கத்தரி, மிளகாய், ஓரத்தில் 10 முருங்கை. பொடக்காணித் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாது. நாங்கள் குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் மூன்று வாழை, ஒரு கருவேப்பிலை, சேப்பங்கிழங்கு நிற்கின்றன. வாழைக்குத் தனியாகத் தண்ணீர் விட்ட ஞாபகமே இல்லை.

காசு வருகிற வழியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னதெல்லாம் பாதிதான். இவர் கம்பெனி வேலையை விடவில்லை. 2023 ஆனி வரை, இரண்டரை வருஷம், சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை விடியற்காலை போனார். ராத்திரியில் நானும் பையனும் தனியாக இருந்தோம். அத்தை துணைக்குப் படுக்க வந்துவிடுவார். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் வரப்பு அறுத்த மாசமே நாங்கள் திரும்பிப் போயிருப்போம். ஒருவர் சம்பளத்தில் இருக்க, ஒருவர் காட்டில் இருப்பதுதான் எங்களைத் தாங்கியது.

2023 ஆடியிலிருந்து ஒரு வருஷக் கணக்கு நோட்டில் இருக்கிறது. முட்டை, சேவல், கீரை, காய், முருங்கை எல்லாம் சேர்த்து மாசத்துக்குச் சராசரி 6,500 ரூபாய். அரிசி, எண்ணெய், சர்க்கரை தவிர வீட்டுச் சாப்பாடு காட்டிலிருந்தே வந்துவிடுகிறது. கரண்ட் இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கும். இவர் இப்போது வாரத்தில் மூன்று நாள் உள்ளூரில் வேலைக்குப் போகிறார். ஒண்ணேகால் ஏக்கர் மேட்டாங்காடு ஒரு குடும்பத்தை முழுதாகக் காப்பாற்றும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வாடகை இல்லை, கடன் இல்லை, பையன் தினமும் முட்டை தின்கிறான். முருங்கையை நம்பிக் காடு முழுக்க வைக்காதீர்கள். மார்கழியில் கிலோ 100 ரூபாய் தாண்டும் காய், வரத்துக் கூடிய மாசத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாது. பத்து மரத்துக் காயை நானே தாராபுரம் உழவர் சந்தைக்கு எடுத்துப் போய் விற்கிறேன். அடையாள அட்டை வாங்கிவிட்டால் கடைக்கு வாடகை கிடையாது.

வளர்த்துக் கொடுத்தால் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஈமு கோழி 2012-இல் பெருந்துறைப் பக்கம் எத்தனை குடும்பத்தை அழித்தது என்பது நம்மவர்களுக்கு மறந்திருக்காது. என் தாய்மாமா பெண் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை அதில் போட்டார். அந்த மாமா இன்றைக்கும் கோழி என்ற பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். சந்தையில் நாமே விற்கக்கூடிய பொருளாக இருந்தால் மட்டும் வளருங்கள்.

கிளுவை வேலிக்கு 2024 ஆவணியோடு மூன்று வருஷம் நிறைந்தது. ஐப்பசியில் ஒரு நாள் அப்பாரு வந்து, ஒன்றும் பேசாமல் வேலி ஓரமாகவே ஒரு சுற்று நடந்தார். இடையிடையே குச்சியை நுழைத்துப் பார்த்தார். கடவுக்குத் திரும்பி வந்து, “நாலு உருப்படி வாரத்துக்கு உடறன் அம்முணி, வளத்துக்கறயா?” என்று கேட்டார். வாரம் என்றால், ஆடு அவருடையது, வளர்ப்பும் தீனியும் என்னுடையது, போடுகிற குட்டியில் பாதிக்குப் பாதி. முதல் போடாமல் ஆடு சேர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் வேலி இல்லாத வீட்டுக்கு யாரும் வாரத்துக்கு விட மாட்டார்கள்.

மறுநாள் நாலு மேச்சேரி ஆட்டை ஓட்டி வந்தார். குடற்புழு மருந்து கொடுத்துவிட்டதாகவும், மழைக்கு முன்னால் துள்ளுமாரிக்கு ஊசி போட்டாகிவிட்டதாகவும், ஆட்டுக்கொல்லி ஊசி எப்போது போட்டது என்பதையும் சொல்லி, என்னை நோட்டில் எழுதச் சொன்னார். மழை பொய்த்து வாடி நிற்கிற இளஞ்சோளத்தில் மட்டும் வாய் வைக்க விடாதே, நஞ்சாகிவிடும், கதிர் வந்த பிறகு பயமில்லை என்றார். பையன் படலைத் திறந்து பிடித்துக்கொண்டான். நாலும் உள்ளே போனதும் கொறங்காட்டுப் புல்லில் தலையைக் கவிழ்த்தன. கயிறு போடவில்லை.